தமிழில் வைத்தியம் படிப்பித்த கிறீன்: அடுத்த கொள்ளைநோய்க்கு முன் ஒரு நினைவு

2021இல் என் பெரியம்மாவுக்குக் கொரோனாத் தொற்று உறுதியானபோது வேறொரு மாவட்டத்திலிருந்த சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கட்டில் இருந்தது, சாப்பாடு இருந்தது, மருந்தும் இருந்தது. ஆனால், கையில் கொடுத்த தாள் சிங்களத்தில் இருந்தது. எந்தக் குளிசையை எப்போது போடுவது என்று கேட்க இரவு பத்து மணிக்கு எனக்குத் தொலைபேசி எடுத்தா. தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, சிங்களம் தெரிந்த நண்பர் ஒருவரிடம் வாசிப்பித்து விளங்கப்படுத்தினேன். அந்த இரவுக்குப் பிறகுதான் சாமுவேல் பிஸ்க் கிறீனைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

கிறீன் 1822இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரரில் பிறந்தவர். 1845இல் நியூயோர்க்கில் மருத்துவப் பட்டம் பெற்று, 1847இல் அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். அவருக்கு முன்பே பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடர் வைத்தியம் செய்திருந்தார். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் இருந்தார். 1848இல் மானிப்பாய்க்கு மாறி அங்கே நோயாளரைப் பார்த்ததோடு இளைஞர்களுக்கு வைத்தியமும் படிப்பித்தார்.

அது கொலராவின் காலம். 1866, 1867இல் யாழ்ப்பாணத்தை அந்நோய் மோசமாகத் தாக்கியது. கொலராக் கிருமியை றொபேர்ட் கொக் அடையாளம் கண்டது 1883, 1884இல்தான். கிறீன் இறந்தது 1884இல். தான் எதை எதிர்த்துப் போராடுகிறார் என்பதே சரிவரத் தெரியாத காலத்தில்தான் அவர் வேலைசெய்தார். சேலைனும் இல்லை, அன்ரிபயோற்றிக்கும் இல்லை. குடாநாடு முழுவதற்கும் ஒரு வெளிநாட்டு வைத்தியரால் போய்வரவும் முடியாது. நோய் வரும்போது ஊரில் வைத்தியம் தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும் என்பதுதான் அவர் கண்ட வழி.

ஆரம்பத்தில் அவர் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். ஆனால், ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலைக்கும் தோட்டப் பகுதிகளுக்கும் போய்விட்டார்கள். ஊர்கள் பழையபடியே இருந்தன. அதனால் தமிழில் படிப்பிக்க முடிவெடுத்தார். அதற்குத் தமிழில் புத்தகம் இல்லை, சொற்களும் போதாது. தமிழில் சொல் இருந்தால் அதை எடுத்தார். இல்லாவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடினார். அதிலும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதினார். டான்போர்த், சப்மன் முதலிய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைநின்றார்கள். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் என்று 4,000 பக்கங்களுக்கு மேல் தமிழில் வந்தன. இடையில் சில வருடங்கள் ஊர் போய்த் திரும்பியவர், 1873இல் நிரந்தரமாக அமெரிக்கா சென்றார். அங்கிருந்தபடியே தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார்.  தமிழருக்கு வைத்தியம் செய்தவர் என்பதைத் தன் கல்லறையில் குறிக்கச் சொன்னவர் அவர்.

கிறீன் மதம் பரப்ப வந்தவர் என்பதை மறைக்கத் தேவையில்லை. நோய் தீர்ப்பதும் சமயம் சொல்வதும் அவருக்கு ஒரே பணி. அதில் உடன்பாடில்லாதவர்களும் அவர் உருவாக்கிய 60க்கும் மேற்பட்ட வைத்தியர்களை மறுக்க முடியாது.

அந்த முயற்சி அவரோடு நின்றுபோனது. 1870இல் கொழும்பில் ஆங்கில மருத்துவக் கல்லூரி தொடங்கியது. பதவியும் அங்கீகாரமும் அந்தப் பக்கம் போயின. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மருத்துவ பீடமும் ஆங்கிலத்தில்தான் படிப்பிக்கிறது. அதைக் குறைசொல்லவில்லை. உலக மருத்துவத்தோடு தொடர்பு வேண்டுமென்றால் ஆங்கிலம் வேண்டும். ஆனால், கிறீன் பயந்தது மறுபடி நடக்கிறது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பெருமளவு வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எங்களுக்கு இது புதிய பாடமல்ல. 2009இல் புதுமாத்தளனில் வைத்தியசாலை இயங்கியது ஒரு பாடசாலையில். மருந்தும் இரத்தமும் போதாத அந்த இடத்தில் மிஞ்சியிருந்தது விட்டுப்போகாத சில வைத்தியர்களும் தாதியரும் தொண்டர்களும்தான். அங்கே உயிர்தப்பியவர்கள் இதை வாசிக்கிறீர்கள் என்று தெரியும்.

அடுத்த கொள்ளைநோய்க்கு வைத்தியசாலைகள் தயாரா என்று கேட்கும்போது கட்டில்களையும் ஒட்சிசனையும் வென்ரிலேற்றர்களையும் எண்ணுகிறோம். எண்ணத்தான் வேண்டும். அதோடு இன்னும் இரண்டைக் கேட்கவேண்டும். எங்கள் ஊர் வைத்தியசாலையில் நிலைத்து வேலைசெய்ய எத்தனை பேர் இருக்கிறார்கள்? நோயாளியின் கையில் கொடுக்கும் தாள் அவர் வாசிக்கும் மொழியில் இருக்குமா?

மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் இருக்கிறது. பெரியம்மாவும் சுகமாக இருக்கிறா. அந்தத் தாளை மட்டும் நான் எறியாமல் வைத்திருக்கிறேன்.