தாமஸ் மன்றோ

சர் தாமஸ் மன்றோ (மே 27, 1761 - ஜூலை 6, 1827) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரராகவும் ஆட்சியாளராகவும் பணியாற்றிய ஸ்காட்லாந்து நாட்டவர் ஆவார். 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தார். இரயத்துவாரி நிலவரி முறையை வளர்த்தவர் என்றே இவர் பெரிதும் அறியப்படுகிறார். எனினும் தென்னிந்தியாவின் காவல்துறை, குற்றவியல் நீதி நிர்வாகம் ஆகியவற்றின் வரலாற்றிலும் இவருக்கு முக்கிய இடம் உண்டு. இவரது நிர்வாகப் பயிற்சி தருமபுரியில் தொடங்கியது.

பிறப்பும் கல்வியும்

மன்றோ கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் மன்றோ, அமெரிக்காவின் வர்ஜீனியாவுடன் வணிகம் செய்துவந்தவர். தாமஸ் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். கணிதத்திலும் வேதியியலிலும் ஆர்வம் காட்டினார். அமெரிக்க விடுதலைப் போரினால் தந்தையின் வணிகம் நொடித்துப்போகவே, வேலை தேடிக் கம்பெனியின் படையில் சேர்ந்து 1780 ஜனவரியில் சென்னை வந்தார். ஐதர் அலிக்கு எதிரான போரில் பங்கேற்றார். சட்டக் கல்வியோ நிர்வாகக் கல்வியோ இவர் முறையாகப் பெற்றதில்லை. பாரசீகத்தையும் இந்துஸ்தானியையும் இந்தியாவுக்கு வந்த பின்னரே கற்றார்.

தருமபுரியில்

1792 ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகால் பகுதியைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி அதில் அடங்கும். அதனை நிர்வகிக்கக் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு நியமிக்கப்பட்டார். அவருடைய உதவியாளர்களுள் ஒருவராக மன்றோ 1799 வரை பணியாற்றினார். தருமபுரியில் தங்கி, ஊர் ஊராகச் சென்று நிலங்களை அளந்து வரி விதிக்கும் பணியில் ஈடுபட்டார். குடியானவர்களின் முறையீடுகளையும் எல்லைத் தகராறுகளையும் நேரில் கேட்டறிந்தார். ஊரின் வழக்காறு அறியாதவரால் நீதி வழங்க இயலாது என்ற கருத்து இவரிடம் வேரூன்றியது இக்காலத்திலேயே எனலாம். தருமபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தைப் பிற்காலக் கடிதங்களில் ஏக்கத்துடன் நினைவுகூர்ந்துள்ளார்.

பின்னர் கன்னடக் கரைப் பகுதியிலும், 1800 முதல் 1807 வரை கடப்பை, பெல்லாரி உள்ளிட்ட நிஜாம் அளித்த மாவட்டங்களிலும் பணிபுரிந்து தாயகம் திரும்பினார்.

1816 ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கள்

வங்காளத்தில் கார்ன்வாலிஸ் ஏற்படுத்திய நீதிமுறை 1802 இல் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவரப்பட்டது. அதன்படி மாவட்ட நீதிபதியே குற்றவியல் நடுவராகவும் காவல்துறைக்குத் தலைவராகவும் விளங்கினார். அவருக்குக் கீழ் தரோகா எனப்படும் காவல் அதிகாரிகள் இருந்தனர். நீதிமன்றங்கள் தொலைவில் இருந்தன, வழக்குகள் தேங்கின, தரோகாக்கள் உள்ளூர் மக்களுக்கு அந்நியராக இருந்தனர்.

இம்முறையை ஆராய்ந்து திருத்துவதற்கான ஆணைக்குழுவின் தலைவராக மன்றோ 1814 இல் மீண்டும் சென்னைக்கு அனுப்பப்பட்டார். இவரது முயற்சியால் 1816 இல் பல சட்டவிதிகள் இயற்றப்பட்டன. அவற்றின் முக்கிய மாற்றங்கள்:

கிராமத் தலைவர் சிறு வழக்குகளை விசாரிக்கும் கிராம முன்சீப் ஆனார்.
மாவட்ட முன்சீப் பதவிகளில் இந்தியர் அமர்த்தப்பட்டனர்.
தரோகா முறை ஒழிக்கப்பட்டது. காவல் பணி கிராமத் தலைவர், தலையாரி, தாசில்தார் ஆகியோரிடம் வந்தது.
குற்றவியல் நடுவர் அதிகாரமும் காவல்துறை மேற்பார்வையும் நீதிபதியிடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாற்றப்பட்டன.

கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் வழக்குகளைத் தீர்க்கும் உரிமை அளிக்கப்பட்டது. ஆயினும் மக்கள் அவற்றை அதிகம் நாடவில்லை.

கல்வியும் பதவியும்

1820 இல் ஆளுநரான மன்றோ, 1822 இல் மாகாணம் முழுவதும் உள்ள பள்ளிகளைப் பற்றி அறிக்கை அனுப்புமாறு ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். 1826 இல் ஒவ்வொரு மாவட்டத்திலும் தாலுகாவிலும் பள்ளிகள் அமைக்கும் திட்டத்தை முன்வைத்தார். கல்வியைத் தனியாக வளர்த்துப் பயனில்லை என்பது இவரது கருத்து. நல்ல ஊதியமும் மதிப்பும் உடைய வருவாய், நீதித்துறைப் பதவிகள் இந்தியருக்குத் திறக்கப்பட்டால்தான் அவர்கள் கல்வியை நாடுவர் என 1824 ஆம் ஆண்டுக் குறிப்பில் வலியுறுத்தினார். இத்திட்டம் நிறைவேறுமுன், பத்திக்கொண்டா என்னும் ஊரில் வாந்திபேதி நோயால் காலமானார்.

விமர்சனம்

மன்றோ ஏற்படுத்திய அமைப்பில் வரி வசூலிக்கும் அலுவலரே குற்றத்தை விசாரிக்கும் காவலராகவும் இருந்தார். மக்களை அறிந்தவரிடம் அதிகாரம் இருக்கவேண்டும் என்ற நோக்கில் செய்யப்பட்ட இந்த இணைப்பு, அவர்களைத் துன்புறுத்தவும் இடமளித்தது. 1854 இல் அமைக்கப்பட்ட சென்னைச் சித்திரவதை விசாரணை ஆணைக்குழு, வரி வசூலுக்காகவும் குற்ற ஒப்புதல் பெறுவதற்காகவும் கீழ்நிலை அலுவலர் சித்திரவதை செய்ததை 1855 இல் உறுதிசெய்தது. இதன்பின் 1859 ஆம் ஆண்டுச் சென்னைக் காவல் சட்டம் காவல்துறையை வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனித்துறையாக்கியது. காவல் அலுவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக்கூடாது என்னும் விதி, 1872 ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25 ஆம் பிரிவாக அமைந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் இது 23 ஆம் பிரிவாகும்.

இன்றைய தொடர்ச்சி

கிராம முன்சீப் பதவி தமிழ்நாட்டில் 1980 இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் பதவி ஏற்பட்டது. 1973 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் நீதித்துறை நடுவரையும் நிர்வாகத்துறை நடுவரையும் தெளிவாகப் பிரித்தது. எனினும் மாவட்ட ஆட்சியர் இன்றும் மாவட்ட நடுவராக விளங்குகிறார். சென்னைப் பல்கலைக்கழகம், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் குற்றவியல் துறைகள் இயங்குகின்றன. மன்றோ களத்திலேயே கற்க நேர்ந்தவற்றை, காவல், நீதி, சிறைப் பணிகளுக்குச் செல்ல விரும்புவோர் இன்று வகுப்பறையில் பயில முடிகிறது. மக்களுக்கு அருகில் உள்ள அதிகாரத்தை எவ்வாறு கட்டுக்குள் வைப்பது என்ற வினாவுக்கு, மன்றோவின் பணியும் அதன் விளைவுகளும் அவர்களுக்கு ஒரு தெளிவான எடுத்துக்காட்டாகும்.

பிரான்சிஸ் சான்ட்ரி வடித்த மன்றோவின் குதிரைச் சிலை 1839 இல் சென்னைத் தீவுத்திடலில் நிறுவப்பட்டது.