இசை, கணிதம், அமைதி: அனத்தோல் ராப்பபோர்ட்

கலை ஒரு கரை, கணிதம் மறுகரை என்று எண்ணுவோர் பலர். அவ்விரண்டையும் தம் வாழ்வில் இணைத்து, உலக அமைதிக்கு வழி தேடிய அறிஞர் அனத்தோல் ராப்பபோர்ட். அவர்தம் வரலாற்றை மாணவச் செல்வங்களின் முன் வைப்பதில் மகிழ்கிறோம்.

அன்றைய ரஷ்யப் பேரரசில் இருந்ததும் இன்று உக்ரைனில் உள்ளதுமான லொசோவா என்னும் ஊரில், 1911ஆம் ஆண்டு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். 1922இல் அமெரிக்கா சென்றார். சிக்காகோவிலும் பின்னர் வியன்னாவிலும் இசை பயின்று, 1934இல் பியானோவிலும் இசையமைப்பிலும் பட்டம் பெற்றார். ஆனால் நாஜிகளின் எழுச்சியால் ஐரோப்பிய மேடைகளில் யூதக் கலைஞர்க்கு இடமில்லாது போயிற்று. அவர் சோர்ந்துவிடவில்லை. மீண்டும் மாணவராகி, 1941இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கணித முனைவரானார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க வான்படையில் சேர்ந்து, அலாஸ்காவிலும் நம் இந்திய மண்ணிலும் பணியாற்றினார்.

1955 முதல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த காலத்தில், மனிதர் ஏன் மோதுகின்றனர் என்னும் வினாவைக் கணிதத்தால் ஆராய்ந்தார். 'கைதியின் இக்கட்டு' எனப்படும் புதிரில், இருவரும் தத்தம் நலனையே நாடினால் இருவருக்குமே கேடு விளையும். ஒருவரையொருவர் நம்பினால் இருவரும் அதனினும் நன்மை பெறுவர். படைக்கலப் போட்டியில் இறங்கிய வல்லரசுகளின் நிலையும் இதுவே அன்றோ? எதிராளியின் கருத்தை அவரே ஏற்கும்படி முதலில் எடுத்துரைத்து, அதிலுள்ள உண்மையை ஒப்புக்கொண்ட பின்னரே வாதிட வேண்டும் என்பதும் அவர் வகுத்த நெறி.

அறிவு ஏட்டோடு நிற்கவில்லை. 1965இல் வியட்நாம் போரை எதிர்த்து மிச்சிகனில் இரவு முழுதும் நடந்த கருத்தரங்கில் அவர் முன்னின்றார். 1970இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்திற்குச் சென்று, பின்னாளில் அங்கே அமைதி ஆய்வுப் பேராசிரியராகவும் விளங்கினார்.

இக்கட்டுப் புதிரைக் கொண்டு ராபர்ட் ஆக்சல்ராட் கணினிப் போட்டி ஒன்றை நடத்தி, 1980இல் முடிவுகளை வெளியிட்டார். அதில் வென்றது ராப்பபோர்ட் அனுப்பிய மிக எளிய திட்டம். முதலில் ஒத்துழை, பின்னர் எதிராளி சென்ற முறை செய்ததையே செய். அவ்வளவே! எந்த எதிராளியையும் தனித்து விஞ்சாத அத்திட்டம், மொத்த மதிப்பெண்ணில் முதலிடம் பெற்றது. பிறரை வீழ்த்தாமலே வெல்லலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

2007 சனவரியில் டொராண்டோவில் அவர் மறைந்தார். ஒரு வாயில் அடைபட்டால் கல்வி மறுவாயிலைத் திறக்கும் என்பதையும், கற்ற கல்வி மானிட நலனுக்கே என்பதையும் அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது. நம் மாணவர்கள் இதனை நெஞ்சிற் கொள்வார்களாக!