குழந்தைகளின் உயிர் காத்த மருத்துவ மேதை செவாலியர் ஜாக்சன்

மனித குலத்தின் துயர் துடைக்கத் தோன்றிய மருத்துவப் பெருமக்கள் பலர். பெரியம்மைக்குத் தடுப்பு முறை கண்ட எட்வர்டு ஜென்னரையும், மலேரியாக் காய்ச்சலைப் பரப்புவது கொசுவே என்று மெய்ப்பித்த ரோனால்டு ராஸையும் நாம் பாடநூல்களில் படித்திருக்கிறோம். ஆனால், ஊக்கையும் நாணயத்தையும் விழுங்கிவிட்டு உயிருக்குப் போராடிய குழந்தைகளைக் காப்பதற்கே தம் வாழ்நாளை ஈந்த ஒரு மேதையை நம்மில் பலர் அறியோம். அவரே அமெரிக்க நாட்டு மருத்துவர் செவாலியர் ஜாக்சன். செவாலியர் என்பது அவர் பெற்ற பட்டமன்று. பெற்றோர் சூட்டிய பெயரேயாகும்.

இளமை

ஜாக்சன் 1865ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு ஆலைகளும் நிறைந்த வட்டாரம் அது. குடும்பத்தில் செல்வம் இல்லை. சிறுவன் ஜாக்சன் மெலிந்த உடலினன்; அமைதியான இயல்பினன். அதனாலேயே முரட்டு மாணவர்கள் அவனை ஓயாது துன்புறுத்தினர். அவன் பழிக்குப் பழி வாங்க எண்ணவில்லை. ஓவியம் தீட்டுவதிலும், மரத்தை இழைத்துச் சிறு பொருள்கள் செய்வதிலும் மனத்தைச் செலுத்தினான். அன்று பழகிய கைத்திறனே பின்னாளில் எண்ணற்ற உயிர்களைக் காத்தது.

கல்வி

மருத்துவம் படிக்க வேண்டும் என்பது இளைஞர் ஜாக்சனின் வேட்கை. கையிலோ பணம் இல்லை. கண்ணாடிப் பாத்திரங்களிலும் மண்பாண்டங்களிலும் வண்ணச் சித்திரங்கள் தீட்டிப் பொருள் ஈட்டினார். அவ்வாறு சேர்த்த காசைக் கொண்டு பிலடெல்பியாவிலுள்ள ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1886ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று, தொண்டை மருத்துவத்தில் புகழ் பெற்றிருந்த மோரல் மெக்கன்சியிடம் பயிற்சி பெற்றார். தாயகம் திரும்பிய அவர் பிட்ஸ்பர்க்கில் தொண்டை மருத்துவராகத் தம் தொழிலைத் தொடங்கினார். அவரை நாடி வந்தோருள் பெரும்பாலோர் ஏழைத் தொழிலாளர்களும் அவர்தம் பிள்ளைகளுமே. வருவாய் குறைவு, வேலையோ மிகுதி.

இரு குழாய்கள்

நம் தொண்டைக்குக் கீழே இரண்டு குழாய்கள் உள்ளன. ஒன்று உணவு செல்லும் குழாய். மற்றொன்று மூச்சுக் காற்று செல்லும் குழாய். எலும்புத் துண்டோ நாணயமோ உணவுக் குழாயில் சிக்கினால் உணவு இறங்காது. நாளடைவில் குழாய் புண்பட்டுத் துளைபடவும் கூடும். கடலைப் பருப்போ ஆணியோ மூச்சுக் குழாயில் புகுந்தாலோ, மூச்சுத் திணறலும் நுரையீரல் அழற்சியும் ஏற்படும். அக்காலத்தில் இவற்றை வெளியே எடுக்கத் தக்க வழி இல்லை. அறுவை செய்தாலும் பிழைப்போர் சிலரே.

இந்நிலையை மாற்ற ஜாக்சன் முனைந்தார். 1890ஆம் ஆண்டில், வாய் வழியே உணவுக் குழாய்க்குள் செலுத்திப் பார்க்கத்தக்க ஒரு கருவியை அமைத்தார். அதன் துணையால் ஒருவர் விழுங்கிவிட்ட செயற்கைப் பல்வரிசையையும், ஒரு குழந்தையின் தொண்டையில் சிக்கிய நாணயத்தையும் வெளியே எடுத்தார். மற்ற மருத்துவர்களும் அக்கருவியைப் பயன்படுத்தத் தொடங்கினர். ஆனால், போதிய பயிற்சியின்றிக் கையாண்டமையால் உயிர்ச்சேதம் நேர்ந்தது. ஜாக்சன் மனம் வருந்தினார். கருவி மட்டும் இருந்தால் போதாது, அதைப் பிடிக்கும் கைக்குப் பயிற்சி வேண்டும் என்று உணர்ந்தார். அன்று முதல் கற்பித்தலையும் தம் கடமையாக ஏற்றார்.

1897ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு மருத்துவர் குஸ்தாவ் கில்லியன், ஒருவருடைய மூச்சுக் குழாயிலிருந்து எலும்புத் துண்டைக் குழாய்க் கருவி கொண்டு எடுத்து உலகை வியக்கச் செய்தார். ஜாக்சன் அம்முறையை மேலும் வளர்த்தார். கருவியின் நுனியிலேயே மிகச் சிறிய மின்விளக்கைப் பொருத்தினார். இருண்டு கிடந்த குழாயின் உட்பகுதி ஒளி பெற்றது. பொருளுக்கேற்ற இடுக்கிகளையும் அவரே வடிவமைத்தார். திறந்த ஊக்கு உள்ளே இருந்தால் அதை அப்படியே இழுத்தல் ஆகாது, குழாய் கிழிந்துவிடும். உள்ளேயே அதன் முனையை மூடியோ, திசை திருப்பியோ எடுத்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும், அதே போன்ற பொருளைக் கொண்டு முன்னரே பழகிப் பார்ப்பது அவர் வழக்கம். இரு கைகளாலும் ஒரே திறமையுடன் வேலை செய்ய வல்லவர் அவர்.

எரிகாரத்தை எதிர்த்த போர்

அந்நாளில் அமெரிக்க வீடுகளில் சவர்க்காரம் செய்யவும் துப்புரவு செய்யவும் காஸ்டிக் சோடா என்னும் எரிகாரத்தை வாங்கி வைத்திருந்தனர். பார்வைக்கு அது சர்க்கரை போன்றே இருக்கும். அறியாக் குழந்தைகள் அதை வாயில் இட்டனர். தொண்டையும் உணவுக் குழாயும் வெந்தன. புண் ஆறியபின் குழாய் சுருங்கி அடைபட்டது. உணவும் நீரும் இறங்காமல் குழந்தைகள் எலும்பும் தோலுமாயினர்.

அவ்வாறு வந்தவள்தான் ஏழு வயது ஏழைச் சிறுமி ஒருத்தி. ஒரு மிடறு நீரும் அவளுக்கு இறங்கவில்லை. ஜாக்சன் தம் கருவியால் உள்ளே அடைத்திருந்ததை நீக்கி, சிறிது நீர் கொடுத்தார். அவள் அஞ்சி அஞ்சி ஒரு வாய் பருகினாள். நீர் உள்ளே இறங்கியது! மீண்டும் பருகினாள். பின்னர்த் தாதியின் கையை மெல்ல விலக்கிவிட்டு, மருத்துவரின் கையைப் பற்றி முத்தமிட்டாள். அந்நிகழ்ச்சியை ஜாக்சன் தம் இறுதிக் காலம் வரை மறக்கவில்லை.

வந்த பிள்ளைகளுக்கு மருத்துவம் செய்வதோடு தம் கடமை முடிந்துவிட்டதாக அவர் கருதவில்லை. புட்டியின் மேல் நஞ்சு என்று எழுதியிருந்தால் தாய் அதை எட்டாத இடத்தில் வைத்திருப்பாளே என்று எண்ணினார். சட்டமன்றங்களின் படியேறினார், பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களைக் காட்டி விளக்கினார். பல ஆண்டு முயற்சிக்குப்பின், 1927ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அதிபர் கால்வின் கூலிட்ஜ் கையொப்பமிட, எரிகார நஞ்சுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய பொருள்களின் மேல் நஞ்சு என்னும் எச்சரிக்கையும், முதலுதவிக் குறிப்பும் அச்சிடப்பட வேண்டும் என்பது விதியாயிற்று.

நோயிலும் ஓயாத உழைப்பு

1911ஆம் ஆண்டில் ஜாக்சனையே காசநோய் பற்றியது. படுக்கையில் கிடந்த காலத்தையும் அவர் வீணாக்கவில்லை. தம் துறை பற்றிய பெருநூலை எழுதினார். 1916ஆம் ஆண்டில் பிலடெல்பியாவுக்குப் பேராசிரியராகச் சென்றார். பல நாட்டு மருத்துவர்கள் அவரிடம் கற்றனர். வகுப்பில் பாடம் நடத்துகையில் வண்ணச் சுண்ணக்கட்டி கொண்டு அவர் வரையும் படங்களைக் கண்டு அனைவரும் வியந்தனர்.

1936ஆம் ஆண்டில், நுரையீரலுக்குள் ஆணி புகுந்துவிட்ட மூன்று வயதுச் சிறுவன் ஒருவனை ஆஸ்திரேலியாவிலிருந்து கடல் கடந்து அவரிடம் கொண்டு வந்தனர். அப்பொழுது ஜாக்சனுக்கு வயது எழுபது. முதுமையிலும் நடுங்காத கைகளால் அவர் அந்த ஆணியை எடுத்தார்.

எடுத்த பொருள்கள் ஒவ்வொன்றையும் அவர் குறிப்பெழுதிப் பாதுகாத்தார். ஊக்கு, பொத்தான், நாணயம், எலும்பு, பூட்டு, விளையாட்டுச் சாமான் என 2,374 பொருள்கள் பிலடெல்பியாவிலுள்ள மூட்டர் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளன. பள்ளிக்குத் தவறாது வந்ததற்காக அளிக்கப்படும் பரிசுச் சின்னம் ஒன்றும் அவற்றுள் உண்டு! அம்மேதை 1958ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், தமது 92ஆம் அகவையில் இயற்கை எய்தினார்.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

மாணவச் செல்வங்களே! ஊக்கு, பென்சில் மூடி, நாணயம் முதலியவற்றை வாயில் வைத்தல் கூடாது. உண்ணும்போது ஓடுதலும் சிரித்து விளையாடுதலும் தீது. பெற்றோரே! கடைவாய்ப் பற்கள் முளையாத குழந்தைகளுக்குக் கடலை கொடுத்தல் ஆகாது என்று ஜாக்சன் அன்றே எச்சரித்தார். இக்காலத்து விளையாட்டுப் பொருள்களிலும் கைக்கடிகாரங்களிலும் உள்ள பொத்தான் மின்கலம் அதனினும் கொடியது. உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே அதை அரித்துவிடும். ரப்பர்ப் பால் உறைய வைக்கும் அமிலத்தையும், களைக்கொல்லியையும், மண்ணெண்ணெயையும் குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை நாம் அறவே கைவிடுதல் வேண்டும். தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதலே அறிவுடைமை.

வறுமையிலும் கல்வியைக் கைவிடாமல், கற்ற கலையை எளியோர்க்கே பயன்படுத்திய அப்பெருந்தகையின் வாழ்வு நமக்கு வழிகாட்டுவதாகுக! நம் தோட்டத்துப் பள்ளிகளிலிருந்தும் அத்தகைய மருத்துவர்கள் தோன்றுவாராக!