கோதுமைக் கப்பலும் சி.சுப்பிரமணியமும்

கொள்முதல் நிலையத்தில் நெல் போடுகிறீர்கள். அரசு அறிவித்த ஆதரவு விலை கிடைக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு அடித்தளம் போட்டவர் பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் விவசாயக் குடும்பத்தில் 1910-ல் பிறந்த சி.சுப்பிரமணியம். வழக்கறிஞர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். சென்னை மாகாணத்தில் 1952 முதல் 10 ஆண்டுகள் அமைச்சர்.

1964-ல் லால்பகதூர் சாஸ்திரி அவரை மத்திய உணவு, வேளாண்மை அமைச்சர் ஆக்கினார். அரசியலில் பலரும் ஏற்கத் தயங்கிய துறை அது. நாடு அப்போது அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்தது. பி.எல்.480 சட்டத்தின்படி டாலர் இல்லாமல் ரூபாயிலேயே வாங்கலாம். இப்படி மலிவாகக் கிடைத்ததால், உள்ளூர் விவசாயிக்கு நல்ல விலை தர வேண்டிய அவசரம் அரசுக்கு இல்லை.

1965-ல் நிலைமை மாறியது. பழைய ஒப்பந்தம் முடிந்ததும், நீண்டகால ஒப்பந்தம் போட அதிபர் ஜான்சன் மறுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகவே தானியம் அனுப்பினார். இந்தியா விவசாயத்தைக் கவனிக்கவில்லை என்பது அவர் குறை. வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை. செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர் வந்தது. புதிய உதவிகள் நின்றன. அதே ஆண்டு பருவமழையும் பொய்த்தது.

நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனைச் சந்தித்தார் சி.எஸ். விவசாயத்துக்குக் கூடுதல் முதலீடு, உரம் என்று உறுதி கொடுத்தார். கப்பல்கள் மீண்டும் புறப்பட்டன. 1966-ல் இறக்குமதி ஒரு கோடி டன்னைத் தாண்டியது. அமெரிக்க நெருக்கடிக்குப் பணிந்துவிட்டார் என்று டெல்லியில் பேச்சு எழுந்தது. ஆனால், அவர் கொடுத்த உறுதிகளில் பெரும்பகுதி அவர் ஏற்கெனவே தொடங்கியிருந்த வேலைதான்.

விவசாயிக்கு லாபம் இல்லாவிட்டால் விளைச்சல் பெருகாது என்பது அவர் கணக்கு. 1965-லேயே வேளாண் விலைக் குழு அமைந்தது. இந்திய உணவுக் கழகமும் அப்போதுதான் பிறந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்டது நம் தஞ்சாவூரில். அடுத்து விதை. உர இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி செலவிட நிதித்துறை தயங்கியது. வெளிநாட்டு விதை எதற்கு என்று இடதுசாரிகள் எதிர்த்தார்கள். அவர் தன் டெல்லி பங்களா புல்வெளியை உழுது, புதிய கோதுமையை விதைத்துக் காட்டினார். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரக விதை வந்தது.

பலன் வருவதற்குள் தேர்தல் வந்துவிட்டது. தமிழகத்தில் அரிசித் தட்டுப்பாடு பெரிதாகப் பேசப்பட்ட 1967 தேர்தலில் அவர் தோற்றார். மறு ஆண்டு அறுவடையில் கோதுமை 1.65 கோடி டன் விளைந்தது. வறட்சி ஆண்டான 1965-66ல் அது சுமார் 1.04 கோடி டன்தான். அந்த வெற்றியின்போது அமைச்சர் நாற்காலியில் அவர் இல்லை.

பிறகு மீண்டும் மத்திய அமைச்சரானார். 1998-ல் பாரத ரத்னா பெற்றார். 2000-ல் மறைந்தார்.

பணக்கார நாடுகள் உதவி நிதியை வெட்டுவதும், பிறகு திருப்பித் தருவதும் இன்றும் செய்திகளில் வருகின்றன. அவற்றைப் படிக்கும்போது 1965-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். உதவி திரும்பி வந்தபோதும் விதை, உரம், விலை ஆகிய மூன்று வேலைகளையும் சி.எஸ். நிறுத்தவில்லை. நாம் கப்பலுக்குக் காத்திருக்காமல் சாப்பிடுவது அதனால்தான்.