வியாபாரியாய் வந்த வஜீர்

தக்காணத்துப் பாமினி ராஜ்யத்தில் ஒருவர் பின் ஒருவராக நான்கு சுல்தான்களிடம் சேவை செய்தவர் குவாஜா மஹ்மூது கவான். பாரசீகத்துக் கீலான் நாட்டார். நம்மைப் போல் வியாபாரி.

1453ம் வருஷம், நாற்பது வயதைத் தாண்டிய பின், கொங்கணக் கரையில் தாபோல் துறைமுகத்தில் சரக்குகளோடு வந்து இறங்கினார். டில்லி வரை போவதே அவர் எண்ணம். தலைநகராகிய பீதரில் சுல்தான் இரண்டாம் அலாவுத்தீன் அஹ்மது அவரைப் போக விடாமல் தம்மிடமே வைத்துக் கொண்டார். அடுத்து வந்த ஹுமாயூன் ஷா, 1458ல் அவரை மந்திரியாக்கி, வியாபாரிகளின் அரசர் என்று பொருள்படும் மலிக்குத் துஜ்ஜார் பட்டத்தைக் கொடுத்தார். மந்திரிக்குக் கிடைத்த பட்டத்தைப் பாருங்கள்!

1461ல் ஹுமாயூன் மௌத்தானார். அவருக்குப் பின் சிம்மாசனம் ஏறிய இரு புதல்வர்களும் சிறுவர்கள். ராஜமாதாவும் வேறொரு மந்திரியும் கவானும் சேர்ந்து ராஜ்யத்தைக் கவனித்தார்கள். 1466க்குப் பின் பாரம் முழுவதும் கவான் தலையில் விழுந்தது. 1472ல் விஜயநகரத்தார் வசமிருந்த கோவாவைப் பிடித்தார். பீதரில் அவர் கட்டிய மூன்று மாடி மதரஸாவும் அந்த வருஷத்தியதே. பாதி இடிந்தும் இன்றும் நிற்கிறது.

அவருக்குப் பகை வந்தது கணக்கினால். மாகாணங்கள் நான்காக இருந்தன. மாகாணாதிபதிகள் குட்டி ராஜாக்களாய் இருந்தார்கள். அவர் நான்கை எட்டாகப் பிரித்தார். ஆளுக்கு ஒரு கோட்டைதான், மற்றவை சுல்தானுக்கு என்றார். நிலத்தை அளக்கச் செய்தார். இத்தனை சிப்பாய்கள் என்று கணக்குக் காட்டிப் பணம் வாங்கிக் கொண்டு ஆளை வைக்காதிருப்பது பிரபுக்களின் வழக்கம். கவான் படைச் செலவுப் பணத்தை உயர்த்திக் கொடுத்தார். பிறகு, குறைகிற ஒவ்வொரு ஆளுக்கும் பணத்தைப் பிடித்துக் கொண்டார். கல்லாவில் கை வைத்துப் பழகியவன் பேரேட்டைப் புரட்டுகிறவரை நேசிப்பானா?

தெலுங்கு நாட்டதிபதி மலிக் ஹசனும் கூட்டாளிகளும் கவானின் முத்திரையைக் காக்கும் அடிமையை வசப்படுத்தி, வெற்றுத் தாளில் முத்திரை வாங்கினார்கள். ஒரிஸ்ஸா ராஜாவைப் படையெடுத்து வரச் சொல்லி கவான் எழுதியதாக அதில் எழுதிக் கொண்டார்கள். 1481ல் சுல்தான் மூன்றாம் முஹம்மது ஷாவின் படை காஞ்சிபுரம் வரை வந்து கொள்ளையடித்தது. அந்தப் படையெடுப்புக் காலத்தில்தான் இக்கடிதம் சுல்தான் கைக்குப் போயிற்று. அவர் மது மயக்கத்தில் இருந்தார். குஜராத்துக்குத் தப்பிப் போகும்படி நண்பர்கள் சொல்லியும் கவான் கேட்கவில்லை. முத்திரை தம்முடையது, எழுத்து தம்முடையதல்ல என்றார். விசாரணை அவ்வளவே. ஏப்ரல் 5ம் தேதி, கொண்டப்பள்ளி பாளையத்தில், எழுபது வயதையொட்டிய அந்த முதியவரின் தலை வெட்டப்பட்டது.

பெரும் பொக்கிஷம் அகப்படும் என்று தேடினார் சுல்தான். பொக்கிஷதார் காட்டிய கணக்கை ஃபிரிஷ்தா என்ற சரித்திரக்காரர் எழுதி வைத்திருக்கிறார். பாரசீகத்திலிருந்து கொண்டு வந்த நாற்பதாயிரம் லாரி வெள்ளிக்காசு முதலைக் கவான் கடைசி வரை தனியாக வியாபாரத்தில் ஓட்டினார். சொந்தச் சாப்பாட்டுச் செலவு அந்த லாபத்திலிருந்துதான். ஜாகீர் வருமானம் படைக்கும் ஏழைகளுக்கும் போயிற்று. மண்சட்டியில் சமைத்து, பாயில் படுத்தார்.

மறு வருஷமே சுல்தானும் இறந்தார். ராஜ்யம் ஐந்து துண்டாயிற்று. அதில் அஹ்மத்நகர் என்ற துண்டை ஆண்டவன், மலிக் ஹசனின் மகன்.