மெய் அறிவித்த மருத்துவர்

நுழையும்முன்

திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நீளும் தொழிற்பகுதியில், பல மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர்கள் இரவு பகலாக உழைக்கின்றனர். மகிழுந்துகளும் மின்னணுக் கருவிகளும் அவர்கள் கைகளால் உருப்பெறுகின்றன. அங்குள்ள ஒவ்வோர் இயந்திரத்திற்கும் அதன் இயக்கத்தையும் பராமரிப்பையும் விளக்கும் கையேடு உண்டு. அவ்வியந்திரத்தை இயக்கும் மனிதரின் உடலுக்கும் அத்தகைய கையேடு வேண்டுமல்லவா? அதுவும் அவர் அறிந்த மொழியில் இருக்க வேண்டுமல்லவா? இவ்வெண்ணம் 19ஆம் நூற்றாண்டிலேயே ஓர் அயல்நாட்டு மருத்துவருக்குத் தோன்றியது. மனித உடலின் அமைப்பையும் இயக்கத்தையும் தமிழில் நூல்களாக்குவதற்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்கா உருவாக்கத்தில் பெரும்பங்காற்றிய ஆண்ட்ரூ கிறீன் இவருடைய உடன்பிறந்தவர். ஒருவர் மாநகரை அமைக்கும் பணியில் ஈடுபட, மற்றவர் மனித உடலைக் கற்கும் பணியை ஏற்றார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். தம் நாட்டிலேயே தொழில் நடத்தி வளமாக வாழும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. எனினும் சமயப்பணியும் மருத்துவப்பணியும் ஒருங்கே ஆற்ற விழைந்த அவர், அமெரிக்க இலங்கை மிஷனில் இணைந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25.

மானிப்பாயில் மருத்துவப்பணி

வட்டுக்கோட்டையில் சிறிது காலம் தங்கிய கிறீன், 1848இல் மானிப்பாயைத் தம் பணிக்களமாகக் கொண்டார். அக்காலம் இன்றைய மருத்துவ வசதிகள் ஏதும் இல்லாத காலம். நோய்க்கிருமிகளைப் பற்றிய கொள்கை உலகில் இன்னும் நிலைபெறவில்லை. வாந்திபேதியும் அம்மையும் பரவினால் ஊர்கள் நிலைகுலைந்தன. ஒரு மருத்துவர் எத்துணை விரைந்து உழைத்தாலும் அத்தனை ஊர்களுக்கும் அவரால் சென்றுவிட முடியாது. தாம் ஒருவரைக் குணப்படுத்துவதைவிட, குணப்படுத்தும் ஆற்றலுடைய பலரை அம்மண்ணிலேயே உருவாக்குவது மேலானது என்பதை அவர் உணர்ந்தார். மானிப்பாய்க்கு வந்த அவ்வாண்டிலேயே உள்ளூர் இளைஞர் சிலருக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார்.

தொடக்கத்தில் ஆங்கில வழியிலேயே பாடம் நடந்தது. ஆங்கிலம் கற்று மருத்துவரானவர்கள் அரசுப் பணியை நாடி வெளியூர்களுக்குச் சென்றனர். அவர்களை நம்பியிருந்த சிற்றூர்கள் மருத்துவரின்றி நின்றன. மக்களோடு வாழ்ந்து மக்களுக்கு மருத்துவம் செய்பவர் மக்களின் மொழியிலேயே கற்க வேண்டும் என்ற முடிவுக்கு கிறீன் வந்தார். சென்னையில் 1835இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாகக் கொண்டிருந்த காலத்தில் இது துணிவான முடிவாகும். தம் மாணவர்கள் மேலை மருத்துவம் கற்பதற்காக உடையிலும் பழக்கவழக்கத்திலும் மேலைநாட்டாராக மாறுவதையும் அவர் விரும்பவில்லை.

உடலைத் தமிழாக்குதல்

தமிழில் கற்பிக்கத் தமிழ் நூல்கள் வேண்டும். தமிழில் மருத்துவம் இல்லாமல் இல்லை. சித்தமருத்துவ மரபு நாடியையும் மூலிகையையும் நுட்பமாக அறிந்திருந்தது. குடல், ஈரல், நுரையீரல், எலும்பு, மூளை எனப் பல உறுப்புகளுக்குப் பெயர்களும் இருந்தன. ஆயினும் அறுத்துக் கண்டறிந்த ஒவ்வொரு தசைக்கும் குழாய்க்கும் எலும்பின் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்திற்கும் தனித்தனிச் சொல் வேண்டியிருந்தது. சொல் பொதுவாக இருந்தால் பொருள் மயங்கும். எடுத்துக்காட்டாக, நரம்பு என்னும் சொல்லைப் பேச்சு வழக்கில் இரத்தக்குழாய்க்கும் பயன்படுத்துகிறோம். உடற்கூற்றியலில் நரம்பு என்பது மூளைக்கும் உறுப்புகளுக்கும் இடையே செய்தியைக் கடத்துவது. தமனி என்பது இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்வது. அறுவை செய்பவர் குருதிப் பெருக்கை நிறுத்தக் குழாயைக் கட்ட வேண்டும். அவ்விடத்தில் நரம்பைக் கட்டினால் குருதி நிற்காது, உறுப்பும் செயலிழக்கும். எனவே மருத்துவ நூலில் சொல் தவறுவது உயிரோடு விளையாடுவதாகும்.

இதனை உணர்ந்த கிறீன், கலைச்சொல்லாக்கத்தில் ஒரு முறையைக் கடைப்பிடித்தார். பொருத்தமான சொல்லை முதலில் தமிழில் தேடினார். அங்குக் கிடைக்காதபோது வடமொழியை நாடினார். அதிலும் இல்லையெனின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதினார். அவர் கையாண்ட உடற்கூற்றைக் குறிக்கும் அங்காதிபாதம், உடலியக்கத்தைக் குறிக்கும் சுகரணம், வேதியியலைக் குறிக்கும் கெமிஸ்தம் ஆகிய சொற்களில் இம்முறையின் சாயலைக் காணலாம். மாணவர்கள் மொழிபெயர்க்க, கிறீன் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். இவ்வாறு உருவான நூல்கள் 4,000 பக்கங்களுக்கும் மேற்பட்டவை.

தெரிந்து தெளிவோம்

கிறீனும் அவர் மாணவர்களும் தமிழில் தந்த நூல்களுள் சில:
பிரசவ வைத்தியம் – 1857
இரண வைத்தியம் – 1867
மனுஷ அங்காதிபாதம் – 1872
வைத்தியாகரம் – 1872
கெமிஸ்தம் – 1875
மனுஷ சுகரணம் – 1883

உடலின் மண்டலங்கள்

மேற்கண்ட நூல்களுள் மனுஷ அங்காதிபாதம் உடலின் அமைப்பைக் கூறுவது. மனுஷ சுகரணம் அவ்வுடல் இயங்கும் முறையைக் கூறுவது. முன்னது, கிரே என்னும் ஆங்கில மருத்துவரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலைத் தழுவியது. அந்நூல் இலண்டனில் முதன்முதலாக 1858இல் வெளிவந்தது. அடுத்த 14 ஆண்டுகளில் தமிழ் மாணவர் அதனைத் தம் மொழியில் படிக்க முடிந்தது.

அமைப்பையும் இயக்கத்தையும் இணைத்துக் கற்பதன் தேவையை ஒரு கவளம் சோற்றைக் கொண்டே அறியலாம். பற்கள் அரைத்த உணவு இரைப்பையில் குழைகிறது. பின்னர் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் செரித்து, அதன் சத்து குருதியில் கலக்கிறது. அக்குருதியை இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் அளவில் உடலெங்கும் செலுத்துகிறது. நுரையீரலின் நுண்ணறைகளில் குருதி உயிர்வளியைப் பெற்றுக் கரியமிலவாயுவை விடுகிறது. சிறுநீரகங்கள் குருதியை வடிகட்டிக் கழிவை அகற்றுகின்றன. இவையனைத்தையும் நரம்பு மண்டலமும் நாளமில்லாச் சுரப்பிகளும் நெறிப்படுத்துகின்றன. 206 எலும்புகளும் அவற்றைப் பற்றிய தசைகளும் உடலைத் தாங்கி அசைக்கின்றன. ஒரு மண்டலம் தளர்ந்தால் மற்றவையும் தளரும். ஆதலால் ஓர் உறுப்பின் நோயைத் தீர்க்க விரும்பும் மருத்துவர் முழு உடலையும் அறிந்திருத்தல் வேண்டும்.

பிரிவும் இறுதிக்காலமும்

பத்தாண்டுப் பணிக்குப் பின் 1857இல் தாயகம் சென்ற கிறீன், 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்பவரை மணந்து, அவ்வாண்டிலேயே மானிப்பாய் திரும்பினார். தமிழ்வழி மருத்துவக் கல்வி முழுவீச்சில் நடந்தது அதன் பின்னரே. உடல்நலம் குன்றியதால் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டு நிலையாகப் புறப்பட்டார். அவரிடம் பயின்று மருத்துவரானவர்கள் 60க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் தமிழிலேயே பயின்றவர்கள்.

வூஸ்டர் நகரில் இருந்தபோதும் அவர் தமிழை விடவில்லை. கடல் கடந்து வந்த கையெழுத்துப் படிகளைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். மனுஷ சுகரணம் அவ்வாறு நிறைவுற்ற நூலே. அது வெளிவந்த மறு ஆண்டு, 1884 மே 28ஆம் நாள், அவர் மறைந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியராய் இருந்தவர் என்பதே தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்று விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது. மானிப்பாயிலுள்ள மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆயினும் அவர் தொடங்கிய தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப்பின் நீடிக்கவில்லை. 1870இல் கொழும்பில் நிறுவப்பட்ட அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. அரசுப் பணியும் உயர்மதிப்பும் ஆங்கிலம் கற்றோர்க்கே கிடைத்தமையால் மாணவர்களும் அவ்வழியையே நாடினர். நூல்கள் இருந்தன; அவற்றைக் கற்றோர்க்கு வாழ்வளிக்கும் ஏற்பாடு இல்லை. ஒரு மொழியில் அறிவியல் நிலைபெற அவ்விரண்டும் வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

இன்றைய தேவை

கிறீனின் கலைச்சொற்களுள் பல இன்று வழக்கில் இல்லை. அங்காதிபாதம் உடற்கூற்றியலாகவும், சுகரணம் உடலியங்கியலாகவும், கெமிஸ்தம் வேதியியலாகவும் மாறிவிட்டன. சொற்கள் மாறினும் அவர் எடுத்துக்கொண்ட பணி முடிந்துவிடவில்லை. இயந்திரப் பேரொலியிடையே வேலை செய்யும் ஒருவருக்குக் காதடைப்பான் ஏன் தேவை? செவியின் உட்பகுதியிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை என்பதே காரணம். வெப்பமிக்க கூடத்தில் பணியாற்றுபவர் இடையிடையே நீர் அருந்துவது ஏன்? வியர்வையாய் வெளியேறும் நீர் ஈடுசெய்யப்படாவிடில் குருதியின் அளவு குறைந்து சிறுநீரகம் துன்புறும். காரணம் அறியாதவருக்கு இவை வெறும் கட்டளைகள். தாய்மொழியில் காரணம் அறிந்தவருக்கோ தம் உடலைத் தாமே காக்கும் வழிகள்.

தம் தாய்மொழி அல்லாத ஒரு மொழியைக் கற்று, அதற்குள் ஒரு புதிய அறிவுத்துறையைக் கொண்டுவந்து சேர்த்தவர் கிறீன். அத்துறையின் இன்றைய வளர்ச்சியைத் தமிழில் எழுதிச் சேர்ப்பது, மருத்துவமும் செவிலியமும் தொழில்நுட்பமும் கற்கவிருக்கும் இளந்தலைமுறையின் கடமையாகும்.