அரசியின் வெள்ளிப் பெட்டி

பாரிஸில் உள்ள லூவர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் முதலில் மோனாலிசாவைத் தேடித்தான் ஓடுகிறார்கள். நானும் ஓடினேன். முன்னால் நின்றவர்களின் தலைகளுக்கு இடையே ஓவியத்தில் கால் பங்கைக் கண்டுவிட்டு, கால் வலியோடு வேறு பக்கம் திரும்பி நடந்தபோதுதான் அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. மஹோகனி மரத்தால் ஆன பெரிய பயணப் பெட்டி. அதற்குள் ஒவ்வொரு பொருளுக்கும் அளவெடுத்துக் குடைந்த குழி. வெள்ளித் தேநீர்க் கெண்டி, சாக்லேட் காய்ச்சும் பாத்திரம், மெழுகுவர்த்தித் தாங்கிகள், படிகக் குப்பிகள், பீங்கான், தந்தம் என்று ஒரு சிறு வீடே உள்ளே அடங்கியிருந்தது. பெட்டியைச் செய்தவர் ழான் பிலிப் பல்மா, வெள்ளி வேலை ழான் பியேர் ஷார்ப்பெனாவுடையது, காலம் 1787-1788. உரிமையாளர் மரி அந்துவானெத், பிரான்ஸ் நாட்டு அரசி.

பள்ளியில் படித்தபோது இந்த அரசியைப் பற்றி நான் அறிந்தது ஒன்றே ஒன்று. மக்களுக்கு ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும் என்று சொன்னவராம். அதையும் அவர் சொல்லவில்லை. பெயர் குறிப்பிடாத ஓர் இளவரசியின் கதையாக ரூசோ அதை 1760களிலேயே எழுதிவிட்டார். அப்போது மரி அந்துவானெத் வியன்னாவில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமி. ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு மனுஷியை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வைதிருக்கிறோம் என்பது எனக்கு அந்தப் பெட்டியின் முன்னால்தான் உறைத்தது. அன்று தொடங்கிய வாசிப்பின் விளைவே இக்கட்டுரை.

1755 நவம்பர் 2ஆம் நாள் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவுக்குப் பதினைந்தாவது பிள்ளையாகப் பிறந்தவர். பிரான்சும் ஆஸ்திரியாவும் செய்துகொண்ட புதிய நட்புக்கு முத்திரை குத்த ஒரு பெண் தேவைப்பட்டாள். பதினான்கு வயதில், 1770 மே மாதம், ரைன் நதியின் தீவொன்றில் அவரை ஆஸ்திரியா பிரான்சிடம் ஒப்படைத்தது. உடன் வந்த பரிவாரம் அங்கிருந்தே திரும்பிவிட்டது. நான்கு ஆண்டுகளில் கணவர் பதினாறாம் லூயி அரியணை ஏற, பதினெட்டு வயதில் அரசியானார்.

வெர்சாய் அரண்மனையில் அரசி அலங்கரித்துக்கொள்வது அவருடைய சொந்த வேலை அல்ல, அரசாங்கச் சடங்கு. இங்கே அலங்கார மேசையின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தலை வாரும்போது மேசைமேல் விரித்த துணிக்குப் பிரெஞ்சு மொழியில் துவாலெத் என்று பெயர். காலப்போக்கில் துணிமேல் வைத்த பொருள்களுக்கும், பிறகு அலங்கரித்துக்கொள்ளும் செயலுக்கும், கடைசியில் நாம் இன்று கழிவறைக்குச் சொல்லும் சொல்லுக்கும் அந்தப் பெயரே தாவிவிட்டது. துணிமேல் இருந்தவை பெரும்பாலும் வெள்ளி: சட்டமிட்ட கண்ணாடி, கூந்தல் மாவுப் பெட்டி, முகத்தில் ஒட்டும் செயற்கை மச்சங்களுக்கான சிமிழ், சீப்புப் பெட்டி, தூரிகை, கெண்டியும் கிண்ணமும். வெள்ளிக்கு வாசனை ஏறாது, கழுவினால் புதிதாகும். முடை வந்தால் உருக்கி நாணயமாக்கலாம். பழைய பிரெஞ்சு வெள்ளி அலங்காரப் பொருள்கள் இன்று அரிதாக இருப்பதற்கு இந்தக் கடைசிக் குணமே காரணம். போர்ச் செலவுக்காகப் பதினான்காம் லூயி 1689இலும் 1709இலும் நாட்டு வெள்ளியை உருக்க ஆணையிட்டார். 1789 செப்டம்பரில் கஜானா காலியானபோது பதினாறாம் லூயியும் மரி அந்துவானெத்தும் தங்கள் வெள்ளிப் பாத்திரங்களை நாணயச் சாலைக்கு அனுப்பினார்கள்.

சடங்கு எப்படி நடந்தது என்பதை அரசியின் அந்தரங்கப் பணிப்பெண் கம்பான் சீமாட்டி தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். குளிர்காலத்தில் ஒருநாள் அரசி உடையின்றி நிற்க, உள்சட்டை கம்பானின் கையில் இருந்தது. அணிவிக்கப் போகும் நேரத்தில் பதவியில் உயர்ந்த சீமாட்டி ஒருவர் வந்தார். உரிமை அவருடையது என்பதால் சட்டை அவர் கைக்குப் போயிற்று. அடுத்து ஓர்லியான் கோமகள் வந்தார். சட்டை அவருக்கு மாறியது. அதற்கும் மேலான உரிமையுடைய அரசரின் தம்பி மனைவி கடைசியாக வந்தார். அவ்வளவு நேரமும் அரசி மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கி நின்றார். நம் வீட்டுக் கல்யாணங்களில் மாலையை யார் எடுத்துக் கொடுப்பது என்று நடக்கும் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அவர் குற்றமே இல்லாதவர் என்று நான் வாதாட வரவில்லை. ரோஸ் பெர்த்தன் தைத்த ஆடைகளுக்கும், வான் நோக்கி எழும்பிய கொண்டைகளுக்கும் பணம் தண்ணீராய்ப் போயிற்று. அந்தக் கொண்டைகளில் தூவிய பொடி தானியத்து மாவுச்சத்து. 1775இல் ரொட்டி விலை ஏறி ஊரெங்கும் கலகம் மூண்டபோது, தலையில் மாவு பூசிய சீமாட்டிகளைப் பட்டினி கிடந்தவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? 1785இல் வெடித்த வைர மாலை மோசடியில் அவருக்குப் பங்கே இல்லை. ஆனாலும் மக்கள் நம்ப மறுத்தார்கள். அதற்கு முந்தைய பத்தாண்டுச் செலவே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

1789 அக்டோபரில் பாரிஸ் பெண்கள் ஊர்வலமாக வந்து அரச குடும்பத்தை வெர்சாயிலிருந்து நகரின் துய்லரி அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். மூத்த மகன் அந்த ஜூன் மாதம்தான் இறந்திருந்தான். கடைக்குட்டிப் பெண் 1787இலேயே போய்விட்டாள். துய்லரி பெயருக்குத்தான் அரண்மனை. 1791இல் தப்பியோடத் திட்டமிட்டபோது பெட்டி கதைக்குள் வருகிறது.

பயணப் பெட்டியையும் கொண்டுபோக வேண்டும் என்று அரசி விரும்பினார். படுக்கை சூடேற்றும் சட்டியிலிருந்து வெள்ளிக் கிண்ணம்வரை எல்லாம் அடங்கிய மிகப் பெரிய பெட்டி அது. வேண்டாம் என்று கம்பான் மன்றாடியும் கேட்கவில்லை. ஒரு நாடகம் ஏற்பாடாயிற்று. பிரஸ்ஸல்ஸில் ஆட்சி செய்த அக்காள் மரியா கிறிஸ்தீனா இதைப்போல ஒரு பெட்டி கேட்கிறார் என்று ஆஸ்திரியத் தூதரகத்து அதிகாரி அலங்கார வேளையில் எல்லார் முன்னிலையிலும் வந்து சொல்ல வேண்டும். அதன்படி புதிய பெட்டி செய்யச் சொல்ல வேண்டும். ஆனால் புதிது முடிய ஆறு வாரம் ஆகும் என்று தெரிந்தது. பொறுக்க மாட்டாமல் அரசி தம் பெட்டியையே அனுப்பிவிட்டார். ஆடையறைப் பணிப்பெண் ஒருத்திக்குப் பொறி தட்டியது. அரசி ஓடப்போகிறார் என்று மே மாதத்திலேயே நகர அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டாள். இவ்வளவும் கம்பான் தரும் தகவல்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. உயிர் போகும் வேளையில் வெள்ளிக் கிண்ணமா? பிறகு என் பாட்டி நினைவுக்கு வந்தார். தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாளில், அடையாளக் கார்டை அலமாரியில் விட்டுவிட்டு, கறுத்துப்போன வெள்ளிக் குங்குமச் சிமிழை மட்டும் மடியில் முடிந்துகொண்டு லாரியில் ஏறியவர் அவர். தாத்தா கடைசிவரை அதைச் சொல்லிக் கேலி செய்வார். பாட்டி பதில் பேசியதே இல்லை.

ஆடையறைப் பணிப்பெண் ஒருத்திமேல் இருந்த சந்தேகத்தால், அவளுடைய பணிமுறை முடியட்டும் என்று புறப்பாட்டை ஒருநாள் தள்ளிப் போட்டார்கள். 1791 ஜூன் 20ஆம் தேதி இரவு கனத்த வண்டியொன்றில் கிளம்பினார்கள். வழியில் தாமதத்துக்குமேல் தாமதம். காத்திருந்த குதிரைப்படை கலைந்துபோயிற்று. திரூவே என்ற அஞ்சல் நிலையத் தலைவர் அரசரை அடையாளம் கண்டு விரட்டி வர, மறுநாள் இரவு வரேன் என்ற சிற்றூரில் பிடிபட்டார்கள். அந்தக் கனத்த வண்டியில் பெட்டி இல்லை; அது முன்பே போய்விட்டது.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. 1792 ஆகஸ்டில் துய்லரி தாக்கப்பட்டது. குடும்பம் தாம்ப்ல் கோட்டையில் சிறை வைக்கப்பட்டது. 1793 ஜனவரி 21இல் கணவரின் தலை துண்டிக்கப்பட்டது. ஜூலையில் எட்டு வயது மகனைப் பிரித்தார்கள். ஆகஸ்டு மாதம் அரசி தனியாகக் கான்சியர்ஜெரி சிறைக்கு மாற்றப்பட்டார்.

அங்கே சமையல் உதவிக்கு இருந்த ரோசாலி லாமோர்லியேர் என்ற இளம்பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பின்னாளில் அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதி வைத்ததால் அந்த எழுபத்து சொச்சம் நாள்களைப் பற்றி நமக்குத் தெரிகிறது. சிறுவயதில் வியன்னாவிலிருந்து கொண்டுவந்த தங்கக் கடிகாரத்தை அரசி சுவரில் ஓர் ஆணியில் மாட்டினார். ஐந்தாம் நாள் அதைப் பறித்துக்கொண்டபோது அழுதார். முகம் பார்க்கக் கண்ணாடி இல்லை. ஆற்றங்கரைக் கடையில் 25 சூ கொடுத்துத் தான் வாங்கியிருந்த, சிவப்பு ஓரமிட்டு இரு பக்கமும் சீன உருவங்கள் தீட்டிய சிறு கண்ணாடியை ரோசாலி கொடுத்தார். துணிமணி வைக்க ஏதாவது கிடைக்குமா என்று அரசி கேட்டபோது, மரச் சாமான் எதையும் கொண்டுவர அஞ்சி, ஓர் அட்டைப் பெட்டியை இரவல் தந்தார். உலகத்திலேயே உயர்ந்த சாமானைப் பெற்றவர்போல அரசி அதை வாங்கிக்கொண்டாராம்.

அக்டோபர் 14ஆம் நாள் விசாரணை தொடங்கி 16ஆம் நாள் விடியற்காலையில் மரண தண்டனையோடு முடிந்தது. உடை மாற்ற வேண்டும். காவலன் வெளியே போக மறுத்து உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றான். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்தில் அரசி குனிந்துகொள்ள, ரோசாலி குறுக்கே நின்று மறைத்தார். உதிரம் படிந்த பழைய உள்சட்டையைக் கழற்றிச் சுருட்டி, சுவரில் இருந்த பிளவில் திணித்துவிட்டு, அரசி வெள்ளை உடையை அணிந்துகொண்டார். அன்று நண்பகல் கடந்து சற்று நேரத்தில் எல்லாம் முடிந்தது. வயது முப்பத்தேழு.